மலையூரில் பூத்தையல்: தையல் பிறகு, ஈரம் முதலில்

பூத்தையல், அதாவது எம்பிராய்டரி, பழக நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "எந்தத் தையலிலிருந்து ஆரம்பிக்கலாம்?" என்பதைத்தான். நாலு தையல் போதும். அவை சீக்கிரமே கைக்கு வந்துவிடும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் தொல்லை கொடுப்பது தையல் அல்ல. காற்றில் நிற்கும் ஈரமும், பனிமூட்டம் விழுங்கிவிடும் வெளிச்சமும்தான். துருப்பிடித்த ஊசி விட்டுப்போன பழுப்புப் புள்ளி, துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையம் கிடந்த இடத்தில் பூத்த பூஞ்சை, காயாமல் கிடந்த துணியில் ஊறிப் பரவிய சிவப்புச் சாயம் என்று முதல் துண்டுகள் பாழாகும் விதங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அதனால் பொருளையும் பராமரிப்பையும் முதலில் சொல்லிவிட்டுத் தையலுக்கு வருகிறேன்.

வாங்குவது

துணிக்கு அரை மீட்டர் வெள்ளை கேஸ்மென்ட் அல்லது நெருக்கமாக நெய்த காடா போதும். சுத்தப் பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்த துணியில் தையலைச் சுற்றிச் சுருக்கம் விழுந்தால், எத்தனை முறை தேய்த்தாலும் போகாது. ரவிக்கைக்கு எடுக்கும் டூ பை டூ ரூபியா அழகாகத்தான் இருக்கும். ஆனால் மெல்லிசு என்பதால் பின்பக்கத்து நூலெல்லாம் முன்னால் தெரியும். கறுப்புத் துணியை முதல் வருஷம் தொடவே வேண்டாம். மேகம் இறங்கிய மதியத்தில் அதில் இழை கண்ணுக்குத் தெரியாது.

நூலுக்கு ஆங்கர் மாதிரியான பருத்தி எம்பிராய்டரி நூல். ஒரு கண்டில் 8 மீட்டர் இருக்கும், ஆறு இழை சேர்ந்தது. ஒரு முழம், அதாவது சுமார் 45 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டினால் ஒரு கண்டில் 17 துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 51 முறை ஊசி கோக்கலாம். ஆரம்பத்துக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு பழுப்பு என ஐந்து கண்டுகள் தாராளம். நாற்பது நிறம் அடுக்கிய பெட்டியை ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் அதில் முப்பதைத் தொடுவதே இல்லை. பளபளப்பான ரேயான் நூல் விலை மலிவு, பார்வைக்கும் கவர்ச்சி; பழகாத கையில் வழுக்கும், சிக்கும், முடிச்சு நிற்காது. அது பிறகு.

கண்டைச் சுற்றியிருக்கும் தாளில் நிற எண் இருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலோ குன்னூர் மார்க்கெட்டிலோ அந்த எண் தீர்ந்துபோனால், கீழே மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் போகிறவர்களிடம் எண்ணைச் சொல்லி அனுப்பினால்தான் சரியான நூல் வரும். கொடைக்கானல்காரர்களுக்கு வத்தலக்குண்டு, திண்டுக்கல். "அந்த இலைப் பச்சை" என்று சொல்லி அனுப்பினால் வருவது வேறு பச்சைதான். ஒரே எண்ணிலும் சாயம் போட்ட தவணைக்குத் தவணை லேசாக நிறம் மாறும். பெரிய வேலைக்கு வேண்டியதை ஒரே நேரத்தில் வாங்கிவிடுவது நல்லது.

எம்பிராய்டரி ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலியும். இரண்டு மூன்று இழைக்கு 7 அல்லது 8, நாலிலிருந்து ஆறு இழைக்கு 5. கடையில் கலந்து கிடைக்கும் பாக்கெட் ஒன்று போதும். சாதாரணத் தையல் ஊசியின் காது சின்னது. அதில் பல இழையைத் திணித்து இழுத்தால் நூல் உரசிப் பஞ்சு பறக்கும்.

வளையம், கடைகளில் ஃபிரேம் அல்லது ரிங் என்று கேட்க வேண்டியது, 5 அல்லது 6 அங்குலம் போதும். 10 அங்குலத்தில் நடுப்பகுதி தொய்யும், கையும் எட்டாது. வாங்கும்போது திருகாணியைப் பாருங்கள். இரும்பாக இருந்தால் இந்த ஈரத்தில் துருவேறித் துணியில் கறை பிடிக்கும். பித்தளையாக இருந்தால் நிம்மதி. மர வளையம் ஈரத்தில் உப்பிக் கோணிக்கொள்ளும். இரண்டு வட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியாதபடி ஒட்டி நிற்கிறதா என்று கடையிலேயே தூக்கிப் பிடித்துப் பார்த்து எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்வளையம் முழுக்க அரை அங்குலப் பருத்தி நாடாவைச் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுற்றி, முனையைத் தைத்துவிடுங்கள். துணி வழுக்காது, மரச்சாறும் துணியில் இறங்காது.

துணியைத் தயார் செய்வது

புதுத்துணியை அப்படியே தைக்கக் கூடாது. கஞ்சி போகவும், சுருங்க வேண்டியது முன்கூட்டியே சுருங்கவும், ஒரு ராத்திரி பச்சைத்தண்ணீரில் ஊற வைத்து, சோப்புப் போட்டு அலசி, காய வைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். இதைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பது முதல் சலவையில் தெரியும்: துணி சுருங்கும், நூல் அதே அளவுக்குச் சுருங்காது, பூவைச் சுற்றித் துணி அப்பளம் மாதிரி நெளிந்து நிற்கும். ஓரம் பிசிறாமல் இருக்க, வெட்டியதும் சாதாரண நூலால் நாலு பக்கமும் சுற்றித் தையல் போட்டுவிடுங்கள்.

சாயச் சோதனையையும் இப்போதே முடித்துவிடலாம். நூலில் கொஞ்சம் வெட்டி நனைத்து, வெள்ளைத் துணியின் நடுவே வைத்து அழுத்தித் தேயுங்கள். சிவப்பு, கறுப்பு, அடர்நீலம் மூன்றும் சந்தேகத்துக்குரியவை. நிறம் ஒட்டினால் அந்த நூலைத் துவைக்காத வேலைக்கு, சுவரில் மாட்டும் படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைத் துணிக்கு மாற்ற நம் பக்கத்துப் பழைய வழி இன்றைக்கும் நல்ல வழிதான். டிரேசிங் தாளில் வரைந்து, கோட்டின் மேல் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஊசியால் ஓட்டை குத்தி, துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைப் பஞ்சால் ஒற்றி எடுப்பார்கள். ஒரே படத்தைப் பத்துத் துணிக்குப் போடலாம். ஒரே ஒரு துண்டுக்கென்றால் மஞ்சள் கார்பன் தாள் போதும்.

பேனாக்களில் மூன்று விதம் உண்டு. மூன்றிலும் கவனம் வேண்டும். தானாகவே மறையும் ஊதா மையை ஈரக்காற்று சீக்கிரமே மறைத்துவிடும். மழைக்காலத்தில் காலையில் வரைந்தது தைத்து முடிப்பதற்குள் காணாமல் போகும். தண்ணீரில் போகும் நீல மை இங்கே ஏற்றது. ஆனால் அதன்மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் கோடு நிரந்தரமாகிவிடும். முதலில் தண்ணீர், பிறகுதான் சூடு. சூட்டில் மறையும் பேனா மை கடும் குளிரில் திரும்ப வரும். ஊட்டி உறைபனிக்கு அது அசையாது. ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தால் கோடு எழும்பும்.

வெளிச்சத்துக்கு ஜன்னலோரம், வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கத்திலிருந்து வரட்டும். மூட்டம் இறங்கினால் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்கு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீலத்தையும் பச்சையையும் பொருத்தி எடுக்காதீர்கள். மறுநாள் வெயிலில் இரண்டும் ஒட்டாது.

குளிரில் விரல் விறைத்தால் தையல் இறுகும். சூடான டீ டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு உட்காரலாம். டிசம்பர், ஜனவரியில் கையில் வெடிப்புக்குத் தடவும் தேங்காய் எண்ணெயும் வாசலினும் துணியில் அப்போது தெரியாமல் ஒட்டி, பிறகு அழுக்கை இழுத்துக்கொண்டு வட்டம் வட்டமாகத் தெரியும். தடவுவதெல்லாம் வேலை முடிந்த பிறகு.

ஈரிலையும் ஒரு மொட்டும்

முதல் துண்டுக்குத் தேயிலைக் கொழுந்தைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. காம்பு, இரண்டு இலை, ஒரு மொட்டு. மூன்று தையல் அதிலேயே அடங்கிவிடும், படத்தையும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தே வரையலாம். காம்பு 5 சென்டிமீட்டர், இலை ஒவ்வொன்றும் மூன்றரை சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை அகலம், மொட்டு ஒன்றரை நீளம், அரை அகலம். கீழ் இலைக்கு அடர்பச்சை, மேல் இலைக்கும் மொட்டுக்கும் மஞ்சள் கலந்த இளம்பச்சை. தோட்டத்திலும் அப்படித்தான்: கொழுந்து மேலே போகப் போக நிறம் வெளுக்கும்.

நூலைப் பிரிக்கும்போது ஆறிலிருந்து ஒரே தடவையில் மூன்றை இழுத்தால் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு இழையாக மேல்நோக்கி உருவி, பிறகு வேண்டிய இழைகளைச் சேர்த்துக் கோக்க வேண்டும். முழத்துக்கு மேல் நீளம் வேண்டாம். நீள நூல் நேரத்தை மிச்சம் பிடிக்காது. துணிக்குள் போய்ப்போய்த் தேய்ந்து, கடைசி பாதி மங்கலாகத் தெரியும்.

முடிச்சுப் போட்டு ஆரம்பிக்காதீர்கள். இஸ்திரி போட்டால் முடிச்சு மேலே புடைக்கும், துவைத்தால் சில அவிழ்ந்தும் போகும். பின்பக்கம் 5 சென்டிமீட்டர் வால் விட்டு, தைத்து முடித்தபின் அதை நாலைந்து தையலுக்கு அடியில் நுழைத்து வெட்டலாம். இரண்டிழைத் தையலுக்கு இன்னும் சுத்தமான வழி உண்டு. 90 சென்டிமீட்டர் உள்ள ஒரே இழையை இரண்டாக மடித்து, இரு முனைகளையும் ஊசிக் காதில் கோத்து, மடிப்பைப் பின்பக்கம் விட்டு ஊசியை முன்னால் எடுத்து, அருகிலேயே உள்ளே இறக்கி, பின்னால் நிற்கும் மடிப்புக் கண்ணியின் வழியே இழுத்தால் நூல் பூட்டிக்கொள்ளும்.

காம்புக்குக் காம்புத் தையல், மூன்று இழை. கோட்டின் இடது முனையில் ஊசியை வெளியே எடுங்கள். 4 மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளி உள்ளே இறக்கி, பாதி தூரம் பின்னால் வந்து வெளியே எடுங்கள். அடுத்தது மீண்டும் 4 மில்லிமீட்டர். இப்போது ஊசி வெளியே வர வேண்டியது முந்தைய தையல் முடிந்த அதே ஓட்டையில். இழுக்கும்போது நூல் கோட்டுக்குக் கீழ்ப்பக்கமாகவே கிடக்க வேண்டும், முழு வரிக்கும் அப்படியே. ஒரே ஒரு தையலுக்கு நூல் மேல்பக்கம் தாவினாலும் கயிறு முறுக்கு அந்த இடத்தில் அறுந்த மாதிரி தெரியும். காம்புத் தையல் கோணலாகத் தெரிகிறது என்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் காரணம். வளைவு வரும்போது தையலை 2, 3 மில்லிமீட்டராகக் குறையுங்கள்.

இலைக்கு மீன்முள் தையல், இரண்டு இழை. முதலில் நடுநரம்பைப் பென்சிலால் மெல்லிசாக வரைந்துகொள்ளுங்கள். இலை நுனியில் வெளியே வந்து, நரம்பின்மேலே ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்குங்கள். பிறகு நுனியை ஒட்டி வலது ஓரத்தில் வெளியே வந்து, முதல் தையலின் அடியில் நரம்பைச் சற்றே தாண்டி இடப்பக்கம் இறக்குங்கள். அடுத்து இடது ஓரத்தில் வந்து, நரம்பைத் தாண்டி வலப்பக்கம். மாறி மாறி இப்படியே அடிவரை. எல்லோருக்கும் நடப்பது ஒன்றுதான்: பாதி இலையில் சாய்வு படுத்துப்போய், தையல்கள் குறுக்குக் கோடுகளாகிவிடும். முதல் தையலைக் குட்டையாக வைத்ததாலோ, நரம்பில் இறக்கும் புள்ளிகளை மிக நெருக்கி வைத்ததாலோ வருவது அது. இலையின் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு முதல் தையல் இருக்கட்டும். சாய்வு குறைவதாகத் தெரிந்தால் அடுத்த தையலை நரம்பில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகக் கீழே இறக்கி மீட்டுவிடலாம்.

மொட்டுக்குச் சாட்டின் தையல், அதாவது நூலை ஒன்றையொட்டி ஒன்றாக அடுக்கி இடத்தை நிரப்புவது. ஓரம் ஒழுங்காக வர, முதலில் ஒற்றை இழையில் சுற்றிலும் பின் தையல் (ஒவ்வொரு முறையும் பின்னோக்கி வந்து இடைவெளியில்லாமல் போடும் பேக் ஸ்டிச்) போட்டு, அதை மூடும்படி சாய்வாக நிரப்புங்கள். நுனியிலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து தொடங்கி ஒரு பக்கம் முடித்து, பிறகு மறு பக்கம். நடுவில் போட்ட முதல் தையல் சாய்வைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான இடத்தில் சாட்டின் வேண்டாம். நூல் தொங்கி, வளையலிலும் நகத்திலும் மாட்டும்.

எந்தத் தையலானாலும் நூல் துணிமேல் படுக்க வேண்டும், துணிக்குள் புதையக் கூடாது. வளையத்தில் இறுக்கமாக இருக்கும்போது சரியாகத் தெரிகிற தையல், கழற்றியதும் சுருங்கினால் இழுப்பு அதிகம். தைக்கும்போது நூல் முறுக்கேறிச் சுருண்டால், ஊசியைத் தொங்க விடுங்கள். அதுவே சுழன்று முறுக்கை விட்டுவிடும். பின்பக்கத்தில் ஓரிடத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தாவ வேண்டுமென்றால் நூலை முடித்து வெட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள்.

நாலாவது தையல், ஃபிரெஞ்சு முடிச்சு. ஊசியில் நூலை ஒரே ஒரு சுற்று சுற்றி, இடக்கையால் நூலை இறுக்கிப் பிடித்தபடி, வெளியே வந்த ஓட்டைக்கு ஓரிழை தள்ளி இறக்க வேண்டும். அதே ஓட்டையில் இறக்கினால் முடிச்சு உள்ளே விழுந்துவிடும். பெரிய முடிச்சு வேண்டுமா, இழையைக் கூட்டுங்கள், சுற்றைக் கூட்டாதீர்கள். இது கைக்கு வந்ததும் குறிஞ்சிக் கொத்து தைக்கலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. அதன் நிறம் கடையில் ஒரே கண்டில் கிடைப்பது அபூர்வம். ஓர் இழை நீலம், ஓர் இழை கத்தரிப்பூ நிறம் இரண்டையும் ஒரே ஊசியில் கோத்து முடிச்சுப் போட்டால் கிட்டத்தட்ட வந்துவிடும்.

எழுந்திருக்கும்போது செய்ய வேண்டியவை

வளையத்தைக் கழற்றிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். சமவெளியில் கழற்றாவிட்டால் வட்டத் தடம் விழும், அவ்வளவுதான். இங்கே மரத்தின் ஈரம் துணியில் இறங்கி, சில நாளில் கரும்புள்ளி எழும்பும். அது முழுதாகப் போகாது. ஊசியையும் துணியிலேயே குத்திவைக்கக் கூடாது. ஃபிளானல் துண்டில் குத்தி, மூடி இறுகும் டப்பாவில், மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். வெள்ளைத் துணியில் துருக்கறை பட்டுவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம். நிறத் துணியிலும் நூல்மேலும் அதை முயல வேண்டாம், நிறமும் சேர்ந்து போகும்.

கூடலூர், ஊட்டி பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் மழை பிடித்துவிட்டால் துணி காயாது. முடித்த துண்டைத் துவைப்பதை அந்த மாதங்களில் தள்ளிப்போடுவதே என் யோசனை. தள்ள முடியாவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் அலசி, பிழியாமல், தடித்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள். பிறகு இன்னொரு உலர்ந்த துண்டின்மேல் பூ கீழே பார்க்கும்படி போட்டு, பின்பக்கமாக இஸ்திரி. முன்பக்கம் தேய்த்தால் முடிச்செல்லாம் சப்பையாகிவிடும். கணப்புக்கு அருகே காயப்போட்டால் புகை ஏறும். சாயம் ஊறியது தெரிந்தால் காயவே விடாதீர்கள். ஓடும் தண்ணீரில், நிறம் வருவது நிற்கும்வரை பிடியுங்கள். காய்ந்துவிட்டாலோ சூடு பட்டாலோ அவ்வளவுதான்.

தோடர் வேலையும் எண்ணித் தைப்பதும்

நீலகிரியில் பூத்தையல் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது தோடர்களின் சிவப்புக் கறுப்பு வேலை. அதைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: மேலே சொன்ன தேயிலைக் கொழுந்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தோடர் பெண்கள் துணியில் எதையும் வரைவதில்லை, வளையம் மாட்டுவதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியின் ஊடும் பாவுமான இழைகளை எண்ணி எண்ணி, பின்பக்கமிருந்து நூலை ஓட்டுகிறார்கள். அவர்கள் போர்த்தும் பூத்துக்குளிப் போர்வையில் நெசவு போலவே தெரியும் அந்த அமைப்புகள் முழுக்க ஊசி வேலை. 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாலு நாள் பழகிவிட்டு, நாமே தைத்ததைத் தோடர் வேலை என்று விற்பது முறையல்ல. பிடித்திருந்தால் அவர்கள் தைத்ததை வாங்குங்கள்.

எண்ணித் தைக்கும் பொறுமை இருக்கிறதா என்று பார்க்க, கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் குறுக்குத் தையல் போட்டுப் பாருங்கள். கூர் மழுங்கிய 24-ஆம் எண் ஊசி வேண்டும். கூர் ஊசி இழையைப் பிளந்துவிடும். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில் 42 கட்டப் படம் 3 அங்குலம் வரும். 11 கட்டமென்றால் 4 அங்குலத்தை நெருங்கிவிடும். வெட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடாதவர்களுக்குத் துணி போதாமல் போவது சகஜம். பத்துக் கட்டத்துக்கு ஒருமுறை வேறு நிற நூலால் ஓட்டுத் தையல் ஓட்டிவைத்துக்கொண்டால் எண்ணிக்கை தப்பினாலும் உடனே தெரியும். மேலே விழும் குறுக்குக் கால் எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று மாறினாலும் வெளிச்சம் வேறு மாதிரி பட்டு அது தனியாகத் தெரியும்.

ஸ்வெட்டரில் தைக்கலாமா?

மலையூரில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பிள்ளைகளின் ஸ்வெட்டரிலும் மங்கி குல்லாவிலும் ஒரு பூ வைக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. தைக்கலாம், ஆனால் காட்டன் நூல் வேண்டாம். கம்பளி இழுபடும்போது அது கூட வராது. மெல்லிய உல்லன் நூலும் மழுங்கிய பெரிய ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். வளையம் மாட்டி இழுத்தால் பின்னல் விரிந்தே நின்றுவிடும், அதனால் கையில் பிடித்தபடியே தைக்க வேண்டும். சங்கிலித் தையலும், அதன் கண்ணியைத் தனித்தனி இதழாகப் போடும் லேசி டெய்சியும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பவை. சாட்டினும் பின் தையலும் கொடுக்காது, தலை நுழைக்கும்போது பட்டென்று அறும். படத்தைப் பேனாவால் கம்பளிமேல் வரைய முடியாது. மெல்லிய டிஷ்யூ தாளில் வரைந்து, அதை ஸ்வெட்டர்மேல் பெரிய ஓட்டுத் தையலால் பிடித்து, தாளோடு சேர்த்துத் தைத்துவிட்டுப் பிறகு தாளைக் கிழித்து எடுக்கலாம். தையலுக்கு அடியில் மாட்டிய துணுக்குகளை இழுத்தால் தையலும் எழும்பும். நனைத்த பஞ்சால் தொட்டு ஊறவைத்து, இடுக்கியால் எடுங்கள்.